அத்தை வடகடலில் விட்ட நீராவிப் படகு

அய்யாவின் தங்கை, அதாவது என் அத்தை, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த நாட்களில் ஒரு நீராவிப் படகு செய்தாள். பொம்மைப் படகுதான். ஒரு முழ நீளம், இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். எதற்காகச் செய்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மதுரையில் பெண்கள் படிக்கும் பாலிடெக்னிக் ஒன்று இருந்தது. அதில் சேரவேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாத்தா காலமாகியிருந்ததால் முடிவு அய்யாவுடையது. அய்யா முடியாது என்று சொல்லவில்லை. அவர் எதற்கும் முடியாது என்று சொல்கிறவர் அல்ல. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்:

"அங்கன போயி மெஷினுதான படிக்கப் போற. இங்கன ஒரு மெஷின ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா சேத்துவிடுறேன்."

துண்டில் வாயைத் துடைத்ததோடு அவர் அதை மறந்திருப்பார். அத்தை மறக்கவில்லை.

நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல்லும் மிளகாயும் விளையும். மெஷின் என்று சொல்லத்தக்கது எங்கள் வீட்டில் ஒரு தையல் மிஷினும், பாதி நாள் ஓடாத பம்புசெட்டும்தான். அத்தை இரண்டையும் பிரித்துப் பூட்டியிருக்கிறாள். படகின் படத்தைப் பழைய பாடப் புத்தகம் ஒன்றில் பார்த்திருந்தாள். உடலைக் கல்யாண முருங்கைக் கட்டையில் குடைந்தாள். அய்யா இராத்தண்ணி பாய்ச்சக் கொண்டுபோகும் பித்தளை டார்ச் லைட்டு ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதன் குழாய்தான் கொதிகலன். இரண்டு வாயையும் தகடு வெட்டி அடைத்து, பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரிடம் கேட்டு வாங்கிய ஈயத்தால் பற்றவைத்தாள். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு துளை, அதை மூட ஒரு திருகாணி. முன்பக்கம் ஒரு ஊசி. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் தூக்கிப்போட்ட ஊசி அது. தண்ணீர் கொதித்ததும் ஆவி அந்த ஊசி வழியாகச் சீறி வந்து ஒரு தகரக் காற்றாடியைச் சுழற்றும். காற்றாடி வேகமாகச் சுற்றும். துடுப்பு அவ்வளவு வேகமாகச் சுற்றக் கூடாது. அதனால் நடுவில் ஓடாத டைம்பீஸின் பல்சக்கரங்களை வைத்தாள். கொதிகலனுக்குக் கீழே ஒரு மூடியில் கட்டிச்சூடம் எரியும்.

ஈயத்தைப் பற்றவைக்க இரும்பைக் காய்ச்ச வேண்டும். அதற்கு அடுப்பு வேண்டும். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"கொழம்பு கொதிக்கிற அடுப்புல கம்பியக் காச்சுறா. வாக்கப்பட்டுப் போற வீட்டுல கேக்கட்டும், மதினி பழக்கிவிட்ட பழக்கம்னு சொல்லு."

"போற எடத்துல மோட்டார் அடுப்பே செஞ்சுக்குவேன் மதினி."

அம்மாவின் எரிச்சலுக்குக் குழம்பு மட்டும் காரணமல்ல. அம்மாவின் தம்பி ராமேசுவரம் தீவில் உள்ள அக்காள்மடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எனக்கு மாமா, அத்தைக்கு முறை மாப்பிள்ளை. படகு ஓடினால் அத்தை மதுரைக்குப் போவாள், ஓடாவிட்டால் அக்காள்மடத்துக்கு. இது யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. எனக்கே அது தெரிந்திருந்தது என்றால் ஊருக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் படகு ஓடவில்லை. ஊசியின் துளையில் வெள்ளையாக ஏதோ படிந்து அடைத்துக்கொண்டது. குத்தி எடுத்தால் கொஞ்ச நேரம் சீறும், மறுபடி அடைக்கும். அத்தை ஊசியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அய்யா அதை வாங்கி, நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. கெணத்துத் தண்ணிக்கு மொளகாச் செடியே கருகுது, ஊசி என்ன பண்ணும். ஊருணித் தண்ணிய ஊத்து."

ஊருணியில் நிற்பது மழைத் தண்ணீர். அதை ஊற்றியதும் படகு ஓடியது. மாட்டுத் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் முட்டி நின்றது. தண்ணீர் குடிக்க வந்த காளைகள் இரண்டும் பின்வாங்கின. அய்யா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தொட்டிக்குள்ள ஓடுறது ஓட்டமா? நாலு முழம் போனாத்தான ஓட்டம்."

ஆனி முடிந்த நேரம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊரில் தண்ணீர் என்று நின்றது ஊரே குடிக்கிற ஊருணி மட்டும்தான். எங்கள் பக்கத்தில் ஊருணிக்கரைக்குச் செருப்போடு போகமாட்டார்கள். கால் கழுவமாட்டார்கள். அதில் சூடக் கரியும் பல்சக்கரத்து எண்ணெயும் கலந்தால் என்ன ஆகும் என்பது அத்தைக்கும் தெரியும். அய்யாதான் வழி சொன்னார்.

"ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போறம்ல. அங்கன இல்லாத தண்ணியா. கொண்டா."

அப்போது தீவுக்குப் போக ரயில்தான். தாத்தாவுக்குத் திதி கொடுக்க அய்யா, அம்மா, அத்தை, நான் நால்வரும் போனோம். பெட்டிக்குள் நிற்க இடமில்லை. அத்தை படகை ஓலைப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்தியிருந்தாள். ஊருணித் தண்ணீர் நிரப்பிய சர்பத் பாட்டில் என் கையில். எதிரே இருந்த ஒரு அம்மாள் ஓலைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தொட்டில் கட்டுவாக, பாத்துருக்கேன். கப்பல் என்னத்தா வேண்டுதல்?"

"மதுரைக்குப் போகணும்னு" என்றாள் அத்தை.

"அதுக்கு ஏன் இங்கிட்டுப் போற ரயில்ல ஏறுன?"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அய்யாவும் சிரித்தார்.

திதி முடிந்து அக்காள்மடத்தில் மாமா வீட்டில் தங்கினோம். சாயங்காலம் அய்யா, அத்தை, நான் மூவரும் வடகடலுக்குப் போனோம். ஆடியில் தென்கடல் இரைந்துகொண்டிருக்கும். வடகடல் தட்டில் ஊற்றியதுபோல் கிடக்கும். அங்குள்ளவர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. படகு திரும்பி வராது என்று அத்தை அதன் பின்புறத்தில் தையல் நூலைக் கட்டினாள். பாட்டிலில் இருந்த தண்ணீரை அளவாக ஊற்றித் திருகினாள். தீப்பெட்டியை என்னிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். சூடம் எரிந்தது. கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "கடலுக்குச் சூடம் காட்டுறீகளா?" என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

ஊசி சீறியது. காற்றாடி சுற்றியது. துடுப்புகள் தண்ணீரை அடித்தன. படகு நேராகப் போனது. காற்றில் அடித்துக்கொண்டு போகவில்லை. அதன் போக்கில், அதன் வேகத்தில் போனது. நூல்கண்டு பாதிக்கு மேல் கரைந்தது. அய்யா வேட்டி நனைவதைப் பார்க்காமல் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"ஓடுது, ஏத்தா. ஓடுது பாரு."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நூல் முழுதும் போய் இழுத்து நின்றதும் சிரிப்பும் நின்றது. அவர் அத்தையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மச்சானும் பாக்கட்டும். நாளைக்கு ஒருத்தன் கேட்டா, நாலு பேரு பாத்தாகன்னு சொல்லணும்ல." என்னிடம், "ஓடு, மாமாவையும் அம்மாவையும் கூட்டியா."

அது நியாயமாகத்தான் இருந்தது. பெண்ணை மதுரைக்கு அனுப்பப்போகிறவருக்குச் சாட்சி வேண்டும். பாட்டில் காலியாகியிருந்ததால், ஒரு செம்பு நல்ல தண்ணீரும் எடுத்துவரச் சொன்னாள் அத்தை. நான் போய்ச் சொன்னேன். அம்மா செம்போடும் மாமா கடைச் சாவியோடும் புறப்பட்டார்கள். நான் முன்னால் ஓடிவந்தேன்.

நான் வந்தபோது படகு கரையில் இருந்தது. அய்யா அதன் முன்னால் குந்தியிருந்தார். உள்ளங்கையைக் குழித்துக் கடல்தண்ணீரை அள்ளி அள்ளிக் கொதிகலனில் ஊற்றிக்கொண்டிருந்தார். விளிம்புவரை நிரம்பி வழிந்ததும் திருகாணியைப் போட்டுத் தானே முடுக்கினார். நாலடி தள்ளி அத்தை நூல்கண்டோடு நின்றாள். சுற்றுகிற கை நின்றிருந்தது. அவள் அவருடைய கையைப் பார்த்தாள்.

அம்மாவும் மாமாவும் வந்தார்கள்.

"எந்த ஊருக்குக் கப்பல்? தலைமன்னாருக்கா?" என்றார் மாமா. "நமக்கும் ஒரு டிக்கெட்டு போடுங்க அத்தான்."

அம்மா செம்பை நீட்டினாள். "ஊத்தியாச்சு" என்றார் அய்யா. செம்பை வாங்கி அந்தத் தண்ணீரை அவரே குடித்தார்.

அத்தை மாமாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மச்சினன் முன்னால் அண்ணனிடம், நீங்கள் செய்தது தப்பு, கொட்டிவிட்டு வேறு ஊற்றுங்கள் என்று சொல்லும் தங்கை எங்கள் பக்கத்தில் கிடையாது. அவள் என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ அம்மாகிட்டப் போயி நில்லு."

நான் ஏதோ தொந்தரவு செய்துவிட்டேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

படகு கொஞ்ச தூரம் போனது. ஊசி ஆவியோடு தண்ணீரையும் துப்பியது. காற்றாடி தயங்கியது, பிறகு நின்றது. சூடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அத்தை நூலை இழுக்கவில்லை. சற்று நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். ஈயம் விட்டுப்போன வாய் வழியாக வெந்நீரும் ஆவியும் கொட்டின. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, சூடம் அணைந்தது.

"தலைமன்னார் போகாது போல" என்றார் மாமா. "பாம்பனுக்காச்சும் போகுமா?"

எல்லோரும் சிரித்தோம். மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

"மொதத் தடவ நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் அய்யா.

"நீங்க சொன்னாச் சரிதான் அத்தான்."

பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வருடச் சேர்க்கை முடிந்துபோனது. தை மாதம் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணம். அவள் குறையில்லாமல்தான் வாழ்ந்தாள் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். சில வருடங்கள் கழித்து அய்யா என்னை மதுரைக்குப் படிக்க அனுப்பினார். என்னிடம் எதையும் ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விடுதி வாசல்வரை வந்தார். நான் பத்திரிகை வேலைக்குப் போய், ஒரு சம்பவத்தைச் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் கேட்டு எழுதப் பழகிய பிறகுதான் அந்தச் சாயங்காலம் அடிக்கடி நினைவுக்கு வர ஆரம்பித்தது. கேட்டுவிடலாம் என்று நான் துணிந்தபோது அய்யா இல்லை.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள், திரும்பி வரும் ரயிலில் கூட்டம் குறைவு. அத்தையின் ஓலைப்பெட்டியில் மாமா வீட்டில் கொடுத்த கருவாடு இருந்தது. படகை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அய்யா எதிர்ப் பலகையில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பாலத்தின் மேல் ரயில் மெதுவாக ஊர்ந்தது.

"ஏன் அத்தை, ரெண்டாவது தடவ ஓடல?"

"உப்பு அடச்சிருச்சு."

"அது கடத்தண்ணின்னு அய்யாட்டச் சொல்லிருக்கலாம்ல?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கடலைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியாததா?"

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அய்யாவுக்குத் தெரியும் என்றால் அடுத்த தடவை மறக்காமல் நல்ல தண்ணீர் ஊற்றுவார் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன்.