தூங்காண்டியின் அந்திப் பெரட்டு

“சாமிகிட்ட லீவு கேக்கணும்னா யாருக்கு எழுதிக் குடுக்கணும், புள்ள? நீ ஏ.எல். பரீட்சை எழுதினவதானே, சொல்லு.”

ஜீவராணி சிரிக்காமல்தான் கேட்டாள். சாமிக்கு லீவு லெட்டர் எழுத எனக்குத் தெரியாது. அவள் கதையையாவது ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

டயகமவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் கொழுந்து பறிப்பவள் அவள். வயது நாற்பத்தொன்று. காலையில் எல்லோரையும் போலப் பெரட்டுக்குப் போவாள்; பேர் பதிந்து, இன்று எந்த மலை என்று கங்காணி சொல்லிவிடுவார். அந்தியில் இன்னொரு பெரட்டு உண்டு. அதை எடுப்பவள் அவளே. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில், இரண்டு கண்கள் மட்டும் செதுக்கிய ஒரு கல் நிற்கிறது. அதுதான் தூங்காண்டி.

தோட்டம் போடக் காடு வெட்டிய காலத்தில் உடம்பு வலியால் சனங்களுக்குத் தூக்கமே வரவில்லையாம். ஒரு நாள் கோணிப்பையோடு ஓர் ஆண்டி மலையேறி வந்தானாம். “வேலை விட்டு வந்தவங்க பேரைச் சொல்லுங்க. பேருக்கு ஒரு வலியை எடுத்துக்கிட்டு, ஒரு கனவைத் தாரேன்” என்றானாம். அவன் வெளியூர்க்காரன், யார் எந்தக் காம்பராவில் குடியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே தினமும் சொல்ல வேண்டும். பேர் விட்டுப்போனவருக்குத் தூக்கம் வராது. செத்தவர் பேரை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். பேர் சொல்பவர் தன் பேரைச் சொல்லக் கூடாது, தொடங்கினால் நடுவில் நிறுத்தவும் கூடாது. ஒருநாள் சொன்னவர், குரல் இருக்கும்வரை சொல்லியே ஆக வேண்டும்.

அதுவரை பேர் சொல்லிவந்த ஜீவராணியின் அப்பாவுக்குத் தொண்டையில் நோய் வந்து குரல் போனது. இன்று ஒருநாள்தானே என்று அவள் போய் நின்றாள். பதினொரு வருடமாகிவிட்டது. தங்கை சுதர்ஷினியின் கல்யாணத்தைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள்.

அம்மா செத்த பிறகு அவள் தூக்கி வளர்த்த தங்கை அது. கொழும்புப் பக்கம் வத்தளையில் கார்மென்ட் வேலை, புருஷன் கட்டாரில். முதல் பிள்ளைக்கு நாள் நெருங்கியதும், “அக்கா, நீ வந்து வாசல்ல நின்னாத்தான் நான் லேபர் ரூமுக்குள்ள போவேன்” என்று விளையாட்டாகச் சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

தனக்குப் பதிலாகப் பேர் சொல்ல ஆள் கேட்டு ஜீவராணி காம்பரா காம்பராவாகப் போனாள். யாரும் இசையவில்லை.

“ஐயோ, என்னால ஏலாது தாயி!” என்றாள் பக்கத்துக் காம்பரா நிஷாந்தி. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். “பதினொரு வருசமா நீ கொட்டாவி விடுறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒண்ணு செய். என் போன்ல பேசி வச்சிட்டுப் போ. அந்திக்கு நான் கொண்டுபோய் கல்லு முன்னால வைக்கிறேன். உன் குரல்தானே?”

“சாமி கோவிச்சுக்கிட்டா?”

“கட்டார்ல இருக்கிறவன் போன்லயே குடும்பம் நடத்துறான். ஆண்டிக்கு மட்டும் என்னவாம்?”

இருபத்தெட்டுக் காம்பராவின் பேர்களையும் ஜீவராணி போனில் சொல்லி வைத்தாள். திங்கட்கிழமை டயகம வரை நடந்துபோய் முதல் பஸ்ஸில் கிளம்பினாள்.

இரண்டு அந்திகள் ஒழுங்காகப் போயின. மூன்றாம் நாள் மத்தியானம் ஆறாம் காம்பரா வீரய்யா செத்துப்போனார். லயம் முழுக்க அழுகை. அந்த அமளியில் நிஷாந்தி வழக்கம்போலப் போனைக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டாள். பிணம் வாசலில் கிடக்க, சவுக்கு மரத்தடியிலிருந்து ஜீவராணியின் குரல் கேட்டது.

“ஆறாங் காம்பரா. வீரய்யா, ராக்காயி.”

அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் வீரய்யாவின் மனைவி ராக்காயி சொன்னாள்: “ராத்திரி கனவுல வந்தாரு. ‘பெரட்டுல என் பேரைக் கூப்பிட்டாங்களே, இருக்கவா போகவா’ன்னு கேக்குறாரு.”

அதற்குப் பிறகு யாரும் பாடையில் கை வைக்கவில்லை. “பேரை நிப்பாட்டாம எப்படித் தூக்குறது? போனும் வேணாம், கீனும் வேணாம். அவளை வரச் சொல்லு” என்றார்கள். நிஷாந்தி போனில் விம்மினாள். “தப்பு என்னோடதுதான். ஆனா நீதான் வரணும் ராணி.”

டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. “போயிட்டு உடனே வந்துரு அக்கா” என்றாள் சுதர்ஷினி. இனி லயத்தில் யாரும் அவளைத் திரும்பப் போக விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தி சாயும் நேரத்தில் ஜீவராணி மலையேறி வந்து சேர்ந்தாள். முகம்கூடக் கழுவாமல் கல்லுக்கு முன்னால் போய் நின்று தொடங்கினாள். மூன்றாம் காம்பரா சொல்லும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. வத்தளையிலிருந்து வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? நடுவில் நிறுத்தக் கூடாது. அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. பின்னால் லயமே நின்றது.

“ஆறாங் காம்பரா. ராக்காயி.”

“இன்னிக்கு ஒருநாள் மட்டும் அவரையும் கூப்பிடேன் ராணி” என்று பின்னாலிருந்து ராக்காயி கெஞ்சினாள். ஜீவராணி திரும்பாமல் ஏழாம் காம்பராவின் பேர்களைச் சொன்னாள். இருபத்தெட்டு முடிவதற்குள் போன் ஐந்து தடவை அதிர்ந்து ஓய்ந்தது.

திருப்பி எடுத்தபோது பேசியது ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி, சிங்களத்தில். வலி முன்னதாகவே வந்துவிட்டதாம். உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். “அக்கா குரலை ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்னு உங்க தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை” என்றாளாம்.

பெண் பிள்ளை. இருவரும் சுகம். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். ஜீவராணி அவளை இன்னும் தூக்கவில்லை.

இதைப் படிப்பவர்கள் பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள். பூண்டுலோயாவிலோ நல்லதண்ணியிலோ எங்காவது ஒரு தோட்டத்தில், இரண்டு பேர் முறை வைத்துத் தூங்காண்டிக்குப் பேர் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி ஒரு இடம் இருந்தாலே போதும், எங்கள் ஆட்களும் முறை வைக்க ஒத்துக்கொள்வார்கள். தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேரும்வரை இதைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள்.