காங்கோவுக்குப் போன ஊறுகாய்

கீழ் கோத்தகிரியில் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தாள் தெய்வம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி வந்தவள். வளர்ந்ததும் கொழுந்துக் கூடை மாட்டினாள். கணவன் வடிவேலுவுக்குப் பேக்டரியில் வேலை. ஒரே மகன் பாலகுமார் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான்.

தேயிலை விலை விழுந்து, வாரத்தில் பாதி நாள் வேலையில்லாமல் போன வருடத்தில்தான் அவனை ஐக்கிய நாடுகள் படையோடு காங்கோவுக்கு அனுப்பினார்கள். தெய்வம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அவனுக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாயைப் போட்டு, டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினாள். மலைக் குளிரில் அது கல்லாக இறுகியது.

தபாலாபீசில் குமாஸ்தா அழகர்சாமி பார்சலைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாக வாங்கிக்கொண்டார். அவளுக்குத்தான் திருப்தியில்லை. விலாசத்தில் மகன் பெயர், அவன் நம்பர், படைப்பிரிவு, கடைசியில் பட்டாளத் தபாலாபீஸ் எண், அவ்வளவுதான். ஆப்பிரிக்கா என்று பெரிதாக எழுதச் சொன்னாள்.

“ஏனுங்கம்மா, நாட்டுப் பேரு எழுதுனாத்தான் எங்கெங்கயோ சுத்தப் போயிருமுங்க. இந்த நம்பருக்குப் போனா பட்டாளத்துக்காரங்களே சேத்துருவாங்க” என்றார் அவர்.

“நானே கடல் தாண்டி வந்தவ. எங்களக்கூட ஊர்ப் பேர எழுதிக்கிட்டுத்தான் கப்பல்ல ஏத்துனாங்க” என்றாள். ஆனாலும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள்.

வாரக்கணக்கில் தகவலே இல்லை. அழகர்சாமியை வழியில் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்குப் பக்கத்திலிருந்த காளிமுத்து கடைக்கு மகனிடமிருந்து போன் வந்தது. பார்சல் கிடைத்ததாம். ஆனால் அந்த ஊர் வெயிலில் மெழுகு உருகி, எண்ணெய் தபால் மூட்டை முழுக்க இறங்கிவிட்டதாம். மற்ற சிப்பாய்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் மஞ்சளாம்.

தெய்வம்மாவுக்கு உடம்பு கூசிப்போனது. யார் யார் வீட்டிலிருந்தோ ஆசையாக எழுதிப் போட்டவை. “திட்டுறாங்களாப்பா?” என்று மெல்லக் கேட்டாள்.

“மொதல்ல திட்டுனாங்க. அப்பறம் மிச்ச ஊறுகாய ஒரே வேளையில தீத்துப்புட்டாங்க. தங்கவேலுன்னு ஒருத்தன், பொண்டாட்டி கடுதாசிய மோந்து பாத்துக்கிட்டே சோறு திங்கிறாம்மா.”

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள் தெய்வம்மா.

மறுமுறை பருப்புப்பொடி இடித்தாள், தங்கவேலுவுக்கும் சேர்த்து. தேயிலைச் சாம்பிள் அனுப்பும் ஈயத்தாள் பைகள் பேக்டரியில் கேட்பாரற்றுக் கிடந்தன. வடிவேலு சொல்லி வாங்கி வந்தான். அழகர்சாமியிடம் அவளே போய் நடந்ததைச் சொல்ல, அவர் பையை மூக்கருகே வைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை மோந்து பார்த்த பிறகே முத்திரை குத்தினார். லயத்துப் பெண்களும் ஆளுக்கொரு பிடி மிளகாய், பூண்டு என்று கொண்டுவந்து கொடுக்க, வேலையில்லாத நாட்களில் அவள் வாசலில் உரல் ஓயவில்லை.

பாலகுமார் லீவில் வந்தபோது தங்கவேலுவும் கூடவே வந்தான். இரண்டு நாள் தங்கினான். குளிர் தாங்காமல் வடிவேலுவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, தெய்வம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தபடி, தன் மனைவி எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.