மெய்யே என்று கூப்பிட்ட நாள்

அந்தப் படத்துக்கு நான் விரும்பிப் போகவில்லை. இவர்தான் லீவு போட்டுவிட்டு வந்து, "வெளிக்கிடும், நல்ல படமாம்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஊர் ஊராக மேடை போடுகிற ஒரு மந்திரவித்தைக்காரன், அவனை நம்பிக் கூடவே போகிற ஒரு பெண். அவளுடைய கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி மேடையில் கதிரையில் இருத்திவிட்டு, அவன் சனத்துக்குள் இறங்குவான். யாரோ ஒருவருடைய பொருளைக் கையில் வாங்கி, இது என்ன என்று கேட்பான். அவள் சரியாகச் சொல்லுவாள். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கேட்கிற கேள்வியிலேயே விடை இருக்கிறது. 'சொல்லு' என்றால் மணிக்கூடு, 'சொல்லு பார்ப்போம்' என்றால் மோதிரம். இருவரும் தனியே இருந்து பாடமாக்கியது. கடைசியில் அவன் வேறு ஒருத்தியைக் கட்டப்போகிறான். அதையும் சபை நிறைந்திருக்க, அதே மாதிரிக் கேள்வி கேட்டே அவளுக்குச் சொல்லிவிடுகிறான். சனம் கைதட்டுகிறது. கண்ணைக் கட்டிய துணிக்குக் கீழே அவளுக்குக் கண்ணீர் ஓடுகிறது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அறுவான், நேரே சொல்ல வாய் இல்லையா? திரும்பிப் பார்த்தால் இவர் லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துறைமுகத்தில் முப்பது வருசமாகக் கிரேன் ஓட்டுகிற மனுசன்!

"என்னப்பா, வெக்கமில்லையோ?" என்றேன்.

"அவனும் பாவம்தானே. சில கதையை முகத்தைப் பாத்துக் கதைக்க ஏலாது."

அடுத்த ஞாயிறு மீன் வாங்கப் போன இடத்தில் விளையாட்டைத் தொடங்கினவரும் அவர்தான். மீன் பழசு என்று கடைக்காரனிடம் சொல்ல அவருக்கு எப்போதும் கூச்சம். செவுளைத் தூக்கிப் பார்க்கிறது என் வேலை. "நீர் 'இஞ்சேருங்கோ' எண்டு கதையைத் தொடங்கினா மீன் நல்லது. 'மெய்யே' எண்டு தொடங்கினா பழுது, நான் நடையைக் கட்டுறன்" என்றார். புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடாத எனக்கு இரண்டும் அவரைக் கூப்பிட வாயில் கிடக்கிற சொற்கள். ஒருவருக்கும் சந்தேகம் வராது. வெயில் மண்டையைப் பிளக்கும். நான் பாரையின் செவுளைப் பார்த்துவிட்டு, "மெய்யே, மழை வரப்போகுது போலை" என்பேன். இவர் பேசாமல் சைக்கிளைத் திருப்புவார். ஒழுங்கை தாண்டும் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடப்பேன்.

பிறகு அது மீனோடு நிற்கவில்லை. கலியாண வீட்டில் யாராவது பிடித்துவைத்து அறுத்தால் ஒரு 'மெய்யே', எழும்பிவிடுவோம். கூடாதது எதுவும் 'மெய்யே'. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இரண்டு கிழடுகள் இப்படித்தான் பொழுது போக்கினோம், சந்தோசமாகவே இருந்தோம்.

ஒன்றரை வருசத்தில் இவருக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் போட்டுவிட்டார்கள். சல்லி ஊரிலிருந்து இவருடைய அக்கா வந்து நின்றா. தாய் செத்த பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவ அவதான். டொக்டர் மச்சாளையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். ஈரலில் புற்று, பரவிவிட்டது, கூடிப்போனால் ஒரு மாசம் என்றார்.

வெளியே வந்ததும் மச்சாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. "ஐயோ, அவனுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. சின்னனிலையே பயந்தவன். கேட்டானெண்டா இண்டைக்கே போயிடுவான். புண் எண்டு சொல்லு."

ஓம் என்றேன். குழாயடியில் முகத்தைக் கழுவினேன். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனேன்.

"மெய்யே, வெறும் புண்தானாம். மருந்தோடை ஆறிடுமாம்."

சொன்ன பிறகுதான் அந்த முதல் சொல் என் காதிலேயே விழுந்தது. இவர் என்னைப் பார்த்தபடியே கிடந்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "பாத்தியே அக்கா, நான் சொன்னனான்தானே, ஒண்டுமில்லை எண்டு" என்று சிரித்தார். மச்சாள் என் கையை அமத்தினா, கெட்டிக்காரி என்று.

வாய் தவறியதா, தெரிந்துதான் சொன்னேனா? கடவுளாணை, எனக்குத் தெரியாது. இவருக்கு விளங்கிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

பாலையூற்றில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்க்க வந்த சனமெல்லாம் "முகம் தெளிஞ்சிட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனது. இவரும் "ஓம், ஓம்" என்றார். நானும் சிரித்தேன். மச்சாள் இவருடைய கட்டிலடியை விட்டு அசையவில்லை. இவர் என்னோடு தனியே கதைக்க ஏதோ வைத்திருக்கிறார் என்பது அவருடைய கண்ணில் தெரிந்தது. அதுக்காகவே நான் எந்நேரமும் ஏதாவது வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பின்னேரம் மச்சாள் குளிக்கக் கிணற்றடிக்குப் போனா. இவர் என் கையைப் பிடித்தார். ஒளிப்பு மறைப்பு இல்லாமல் நேரே கேட்டார்.

"எத்தினை நாளாம்?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? சித்திரை வருசத்துக்கு எழும்பி நடப்பீங்கள், பாருங்கோவன்."

அதோடு என் வாய் நிற்கவில்லை. கஞ்சி குடித்தால் தெம்பு வருமாம், புது மருந்து ஒன்று இருக்காம், அடுத்த வீட்டுக்காரரின் தம்பிக்கும் இதே மாதிரி வந்து சுகமாம். அறையில் எங்களைத் தவிர ஒரு குஞ்சுகுருமான் இல்லை. யாருக்குப் பயந்து அந்தப் பொய்யெல்லாம் சொன்னேன்? இவர் முழுவதையும் கேட்டார். கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"ஓம், சரி. அக்கா குளிச்சிட்டாவோ பாரும்."

அதிலிருந்து பத்தாம் நாள் போய்விட்டார்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சனம் போன பிறகு மச்சாள் என் பக்கத்தில் வந்து இருந்தா. "அவனுக்குத் தெரிஞ்சிருந்தது பிள்ளை. எல்லாம் என்னோடை கதைச்சவன். உன்னைத் தனிய விடவேண்டாம் எண்டவன். பயமாக் கிடக்கு அக்கா எண்டு ஒருநாள் என்ரை மடியிலை விழுந்து அழுதவன். நீ அப்ப குசினிக்குள்ளை கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிண்டனீ."

மச்சாள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல ஏலாது. இரண்டு மாசம் அவவின் ஃபோனை எடுக்கவில்லை. பாவம், அவவில் ஒரு பிழையும் இல்லை. இவர் முதலில் என்னிடம்தான் கேட்டார்.