தேங்காயெண்ணெய் பூசிய துவக்குப்பிடி

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் எனக்குக் கை நோகும். பத்தாம் வகுப்போடு படிப்பும் நானும் சண்டையில்லாமல் பிரிந்தவர்கள். அதோடு, இந்தக் கதையில் மானம் போவது எனக்குத்தான். பிறகு யோசித்தேன், வேறு யாராவது சொன்னால் இதைவிட மோசமாகச் சொல்வார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கூட்டாளியும் ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால்களைச் சாண்ட்பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தோம். பின்னேரம் மூக்கைச் சீறினால் சின்ன முக்காலி ஒன்று செய்யுமளவுக்கு மரம் வரும். கண்ணாடித் தடுப்புக்கு அங்கால் கடைசல் மிசின் இருந்தது. தூசி இல்லாத இடம், கதிரையில் இருந்து செய்யும் வேலை. அதில் வேலை செய்த கிழவர் ஓய்வெடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு ஆசையே இல்லை.

எங்கள் சுப்பவைசர் மான் வேட்டைக்காரர். தன்னுடைய லொறியையே தன் துவக்கின்மேல் ஏற்றி அதன் மரப்பிடியை உடைத்துவிட்டார். பதிலுக்கு அரைகுறையாய் அறுத்த வோல்நட் மரத்துண்டு ஒன்றை வாங்கிவந்து, துவக்கின் இரும்புப் பாகம் போய் இருக்கும் பள்ளத்தைக் கையால் தோண்ட யாருக்காவது தெரியுமா என்று இடைவேளையில் கேட்டார். நான் உடனே கையை உயர்த்தினேன். பரம்பரை பரம்பரையாகக் கோயில் தேர் செதுக்குகிற குடும்பம் என்றேன். உண்மையில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓர் ஆணியை நேராக அடித்ததில்லை. அப்பா தபாற்கந்தோரில் முத்திரை விற்றவர்.

வேட்டை தொடங்க மூன்று கிழமை இருந்தது. அதற்குள் ஒழுங்காக முடித்தால் கடைசல் மிசின் உனக்கு என்றார் சுப்பவைசர். கூட்டாளியைக் காட்டி, இவன் என் உதவியாள் என்றேன்.

பஸ்சில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "விசரா, உளியை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டாவது உனக்குத் தெரியுமே?"

"எனக்கேன் தெரியவேணும்? உனக்குத் தெரியும்தானே. கதைக்கிறது என்ர வேலை, செய்யிறது உன்ர வேலை."

அவனுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் ஊருக்கு ஒரு சாமானும் வராதபோது, கிடைத்ததை வைத்துச் சைக்கிள் முதல் தண்ணிப் பம்ப் வரை ஓடவைத்தவன். துவக்குப்பிடி வேலைக்கென்று கடையில் விற்கும் உளி, சுரண்டி போன்ற ஆயுதங்களின் விலை எங்களுக்கு எட்டாது. எல்லாவற்றையும் அவனே செய்யத் தொடங்கினான்.

நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அன்ரி வீட்டு பேஸ்மென்டில் இருந்தோம். அதன் சீமெந்துப் படியில் பழைய ஸ்குறூட்றைவரைத் தீட்டி உளியாக்கினான். தொழிற்சாலைக் குப்பையில் கிடந்த வாள் அலகை முறித்து, வீடு கூட்டும் தும்புத்தடித் துண்டில் செருகிச் சுரண்டியாக்கினான். துவக்குக் குழாய் இருக்கும் நீள் பள்ளத்துக்குத்தான் பெரிய ஆயுதம்: ஒரு நீட்டுக் கம்பியில், நட்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையங்களான வோசர்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி இறுக்கினான். துவக்குக் குழாய் ஒருபக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருப்பதுபோல் அதுவும் இருந்தது. இழுத்தால் மரம் பூப்போலச் சுருண்டு வந்தது. அந்த வோசர்கள் குப்பையில் கிடந்தவை அல்ல. தொழிற்சாலைப் பெட்டியிலிருந்து என் சட்டைப்பைக்குள் வந்தவை. அதுதான் என் பங்களிப்பு.

இரும்பை வெளியே கொண்டுபோக சுப்பவைசர் விடமாட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அறையில், அவர் கண்ணுக்கு முன்னால், அன்ரியின் சாமி விளக்குக் கரியை இரும்பில் பூசி மரத்துக்குள் வைத்து அமத்துவோம். கறுப்பு ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம். மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தப் புள்ளிகளை மட்டும் சுரண்டுவோம். அடுத்த நாள் திரும்பவும் கரி.

துவக்கு வடிவத்தில் ஒரு சாமானோடு பஸ்சில் போக முடியாதே. கட்டில் விரிப்பால் சுற்றி அவன் கையில் அணைத்து வைத்திருப்பான். ஒருநாள் பஸ்சில் சனம் நிறைந்திருக்க, ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவனுக்கு எழும்பி இடம் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று, பிள்ளைக்குக் குளிராமல் மூடடா என்றேன். அவன் மூடினான். கிழவி என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்க, அவன் அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடந்து வந்தான்.

மூன்றாம் கிழமை இரும்பு மரத்துக்குள் போய் இருந்தபோது இடையில் ஒரு கடதாசி போக இடமில்லை. கடைசியாக எண்ணெய் பூசி உள்ளங்கையால் பலதடவை தேய்க்கவேண்டும் என்று சுப்பவைசர் சொல்லியிருந்தார். என்ன எண்ணெய் என்று கேட்டுவிட்டுப் பூசு என்றான் கூட்டாளி. எண்ணெயென்றால் எண்ணெய்தானே. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயை எடுத்து மூன்று நாள் தேய்த்தேன். பிடி கல்யாண மாப்பிள்ளைபோல் மினுங்கியது.

வெள்ளிக்கிழமை கொடுத்தோம். சுப்பவைசர் இரும்பைப் பூட்டி, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். சனி, ஞாயிறு முழுக்க நான் கடைசல்காரன் மாதிரியே நடந்து திரிந்தேன்.

திங்கள் காலையில் அவர் எங்கள் மேசைக்கு வந்து பிடியை வைத்தார். அது வெள்ளையாக இருந்தது. வேட்டைக்குப் போன இடத்தில், வடக்குக் குளிரில் லொறிக்குள் கிடந்து, எண்ணெய் உறைந்து, மாவில் புரட்டி எடுத்ததுபோல் நின்றது. நாளைக்கு நீங்கள் பாவித்த ஆயுதங்கள் முழுவதையும் கொண்டுவாருங்கள் என்றார்.

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. எண்ணெய்க்கு ஏன் ஆயுதம் கேட்கிறார்? வோசர் கணக்குப் பார்த்துவிட்டார் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் அவருடைய மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். அவர் வேறெதையும் தொடவில்லை. நேரே வோசர் கம்பியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

என் விரல் என்னைக் கேட்காமலே கூட்டாளியின் பக்கம் போனது. இவன்தான், எல்லாம் இவன்தான், நான் எண்ணெய் மட்டும்தான் பூசினேன் என்றேன். களவைவிட எண்ணெய் சின்னக் குற்றம் என்பது என் கணக்கு.

சுப்பவைசர் தலையாட்டினார். தன் வயதுக்கு இப்படி இறுக்கமாக இருந்த பிடியைத் தான் கண்டதில்லை என்றார். இந்தக் கம்பியைச் செய்தவன் வருகிற கிழமையிலிருந்து கடைசல் மிசினில் வேலை செய்யட்டும் என்றார். எண்ணெய் பூசியவர் எண்ணெய் கழற்றுகிற ரேப்பன்ரைனும் துணியும் எடுத்து முழுவதையும் துடைக்கட்டுமாம். கூட்டாளி என்னைப் பார்த்தான். அவனுக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

இரண்டு கிழமை கழித்து, இடைவேளையில் கண்ணாடித் தடுப்புக்கு அங்கால் போனேன். அவன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு தூசி இல்லை. என்னையும் இந்தப் பக்கம் எடுக்கச் சொல்லிச் சுப்பவைசரிடம் ஒரு சொல்லுக் கதை மச்சான், நீ சொன்னால் கேட்பார் என்று கெஞ்சினேன்.

அவன் குவளையைக் கீழே வைத்தான்.

"கதைக்கிறது உன்ர வேலைதானே மச்சான், நீயே போய்க் கதை."