இரண்டாவது கவுண்டர்

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு. அங்கே லோரிகளை நிறுக்கும் எடைமேடையைக் கணினியோடு இணைக்கும் நிரலை, டிவைஸ் டிரைவர் என்பார்கள், எழுதியவன் நான். சரக்கோடு வரும் லோரியின் எடையை என் நிரல் நினைவில் வைத்திருக்கும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அதிலிருந்து கழித்துச் சரக்கின் எடையைச் சொல்லும். அதுவரை அதே கவுண்டரில் அடுத்த லோரியை நிறுக்க மாட்டார்கள்.

எந்தக் கவுண்டரின் கணினி எடைமேடையைத் திறந்தாலும், அந்தத் திறப்புக்கென்று நினைவில் தனி இடம் ஒதுக்கி, அங்கே போட்ட எடையை அதில்தான் வைக்க வேண்டும். இயங்குதளமே அதற்கு வசதி செய்து வைத்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கு ஓர் இலை போடுவதில்லையா, அதுபோல. நான் எல்லாருக்கும் ஒரே இலை போட்டேன். "ஒரே கவுண்டர்தானே லா, சீக்கிரம் முடி," என்றார் என் முதலாளி. சோம்பேறி நான், தலையாட்டினேன்.

பிறகு அங்கே இரண்டாவது கவுண்டர் திறந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கம்போங் மேடானில் குடியிருந்த ஓட்டுநர் ஒருவர் லோரியில் சீனி மூட்டை கொண்டுவந்தார். முதல் கவுண்டரில் நிறுத்துவிட்டு உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் இரண்டாவது கவுண்டரில் எடை குறைந்த வேறொரு லோரியை நிறுக்க, அவருடைய எடை அழிந்து அந்த எடை வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் காலி லோரியோடு திரும்பியபோது சரக்கு இருபது மூட்டை குறைவு என்றது கணினி. வழியில் விற்றுவிட்டான் என்றார்கள். "எண்ணிப் பாருங்க பாஸ்," என்று கெஞ்சினாராம். மூட்டைகள் அதற்குள் மற்றவற்றோடு கலந்துவிட்டன. பதினாறு வருட வேலை அன்றே போயிற்று.

அடுத்த வாரம் இன்னொரு லோரிக்கும் எடை ஒத்துவராமல் உதைத்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்ததுமே புரிந்தது. முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திருத்திடு. வெளிய மூச்சு விடாதே. காண்ட்ராக்ட் போயிடும்."

பத்து வரி மாற்றினேன். வாயையும் மூடிக்கொண்டேன். தூ, நானும் ஒரு மனுசன்!

இப்போது கிள்ளானில் என் அடுக்குமாடி வாசலில் ஒருவர் காவல் இருக்கிறார். போன மாதம் பேச்சுவாக்கில் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். கிடங்கு, சீனி, இருபது மூட்டை. அந்த ஓட்டுநர் இவர்தான் என்று தெரிந்ததும் கேட்டேன்.

"நீங்க எடுக்கலைதானே, அண்ணே?"

"சத்தியமா எடுக்கல, தம்பி. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? வழியில எங்கேயோ விழுந்திருக்கும். நான்தான் சரியா கட்டல. என் தப்புதான் லா."

என் காருக்குப் பின்னால் இன்னொரு கார் ஹார்ன் அடித்தது. அவர் தடுப்புக் கம்பியைத் தூக்கி எனக்கு வழிவிட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.