மொட்டை போட வந்தவர்

எங்கள் பக்கத்தில் பங்காளி செத்தால்தான் மொட்டை போடுவோம். அந்த வருஷம் பொங்கலும் கிடையாது.

அப்பாவின் காரியத்தன்று அம்பத்தூரில் மொட்டை போட வரிசையாக உட்கார்ந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் துண்டால் தரையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒல்லி உடம்பு, விடைத்த காது.

"யாரு அண்ணாத்தே நீ?" என்றேன்.

"உன் சித்தப்பா புள்ள. அப்பன் பேரு சொல்லாமயே எங்கம்மா பூட்ச்சு. ஆனா உன் சித்தப்பா செத்தப்போ அது எனக்கு மொட்ட போட்டுச்சு. அந்த வருஷம் எங்க ஊட்ல பொங்கல் வெக்கல. வேற சாட்சி இல்ல."

"சொத்துக்கு வந்துகீறான். ஏந்திரிக்கச் சொல்லு" என்றான் அண்ணன்.

சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இவரிடம் அவர் சாயலும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தவரை எழுப்ப மனம் வரவில்லை.

"உக்காரட்டும், வுடு" என்றேன்.

மொட்டை போட்டார், குளித்தார், சாப்பிடாமல் போய்விட்டார்.

பொங்கலன்று பட்டாபிராமுக்கு ஒரு வேலையாகப் போனேன். தெருவெல்லாம் கோலம். கோலமில்லாத ஒரு வாசலில் அவர் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொடுத்தாள்.

"இன்னாண்ணா, நீ வெக்கலியா?"

"எங்க பெரியப்பா பூட்டாரும்மா."

அவர் சித்தப்பா பிள்ளைதானா, எனக்கு இன்னும் தெரியாது. அன்று எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டுப் பொங்கல்தான்.