வள்ளிநாயகியின் ஆறு எழுத்து

வலது பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, சுவரில் மாட்டியிருக்கும் கைரேகை இயந்திரத்தில் வைக்கிறார். சிவப்பு வெளிச்சம். இன்னொரு முறை. மறுபடியும் சிவப்பு.

"பாத்தியோ பிள்ளை, இண்டைக்கும் என்னைத் தெரியாதாம்" என்று எழுதுவினைஞர் ரிப்காவிடம் வள்ளிநாயகி சிரிக்கிறார். கொண்டையில் செருகியிருந்த நீலப் பேனா அதற்குள் கைக்கு வந்துவிடுகிறது. இயந்திரம் வந்த பிறகு எழுதுவினைஞரின் மேசையில் பேனா கிடையாது.

வள்ளிநாயகிக்கு வயது அறுபதாகிறது. சல்லிக் கடற்கரையிலுள்ள வாடியில், கருவாடு போடும் கொட்டகையில், பதினெட்டு வருடமாகக் கட்டா மீனைப் பிளந்து உப்பிடுகிறார். உப்பும் செதிலும் சேர்ந்து விரல் ரேகையைத் தின்றுவிட்டன. முதலாளி இயந்திரம் வாங்கிய முதல் மாதம், ஒன்பது நாள் அவர் வேலைக்கு வரவில்லை என்று அது சொன்னது. உழைத்துத் தேய்ந்த விரலைத்தான் வராத விரல் என்கிறது அந்தப் பெட்டி. அதை நம்புவதற்கும் ஒரு முதலாளி.

வள்ளிநாயகி மீன் கத்தியோடே அலுவலகத்துக்குள் போனார்.

"மிசின் காணாட்டி நான் வரேல்லையோ? அப்ப அந்தக் குவியலை ஆர் வெட்டினது, மிசினோ?"

வள்ளிநாயகி ஒருவர் கையெழுத்துப் போடுவதற்காகப் பழைய வரவுப் பதிவேடு அலுமாரியிலிருந்து இறங்கி வந்தது.

அந்தக் கையெழுத்து இலேசில் வந்ததல்ல. சுனாமிக்குப் பிறகு, நிவாரண வரிசையில் ஓர் அலுவலர் கேளாமலே அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார். "இது என்ன கடிதம் ஐயா?" என்றதற்கு, "வைச்சால் போதும்" என்றார். மை இரண்டு நாளில் போயிற்று. கோபம் போகவில்லை. கரையில் நின்ற படகுகளின் பெயர்களைப் பார்த்து, 'வ'வை வசந்தமாலையிலிருந்தும் 'நா'வை நாகம்மாளிலிருந்தும் எடுத்து, ஈர மணலில் குச்சியால் எழுதி எழுதி, நாற்பது வயதில் தன் பெயரைப் பிடித்தார். "அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்ர கையைப் பிடிக்கேல்ல" என்பார்.

இந்த மார்கழியில் கடல் கொந்தளித்து, வாடி மூன்று கிழமை மூடிக் கிடந்தது. கைக்கும் ஓய்வு. திறந்த அன்று காலை வழக்கம்போல விரலை வைத்தார்.

பச்சை.

"நல்லதாப் போச்சு வள்ளியக்கா, இனி உங்களுக்குக் கொப்பி தேவையில்ல." ரிப்கா பதிவேட்டை அலுமாரியில் வைக்க எழுந்தார்.

வள்ளிநாயகி ஒரு கணம் அந்தப் பச்சையையே பார்த்து நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே ரிப்காவின் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"இஞ்ச தா பிள்ளை. அது என்ர விரலைத்தான் கண்டது. நான் வந்தனான் எண்டு நானெல்லோ சொல்லோணும்."

"முதலாளி ஏசுவார், அக்கா."

"ஏசட்டும். எழுத்தில ஏசச் சொல்லு."

ரிப்கா சிரித்துக்கொண்டே பதிவேட்டை நீட்டினார். ஆறு எழுத்தையும் அவசரமில்லாமல் எழுதிய வள்ளிநாயகி, 'ள்'ளின் புள்ளியை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தார். இயந்திரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டக்கென்று சத்தம் வரும்படி அந்தப் புள்ளியைக் குத்திவிட்டு, பேனாவைக் கொண்டையில் செருகினார்.